கேம் ஓவர்லேக்குள் டிஸ்கார்ட்: பிசி, ஸ்டீம் டெக், கன்சோல் மூன்றிலும் நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

கேமர்கள் குரலிலும் எழுத்திலும் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் மாதிரி செயலிகளைக் கேம் தளங்கள் தங்கள் ஓவர்லேக்குள்ளேயே, அதாவது ஆடும்போது கேமின் மேல் தெரியும் திரைக்குள்ளேயே, சேர்க்க வேண்டுமா? முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கன்சோல்களில் டிஸ்கார்டின் குரல் அரட்டையைச் சிஸ்டத்துக்குள்ளேயே சேர்த்தது நல்ல வேலை, அதை யாரும் திரும்பப் பிடுங்கக் கூடாது. பிசியில் கதை வேறு. ஸ்டீம் மாதிரி கேம் விற்கும் ஒரு தளம் டிஸ்கார்டையோ வேறொரு அரட்டைச் செயலியையோ தன் ஓவர்லேயோடு சேர்த்துத் தைக்க வேண்டியதில்லை. வெளிச்செயலி வந்து உட்கார முறையான ஓர் இடம் கொடுத்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது ஸ்டீமின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக். பயன்படுத்துபவருக்கு அதிகம் எரிச்சல் வருவதும் அங்கேதான்.

பிசி: ஒரே கொக்கியில் நான்கு பேர்

ஸ்டீமின் ஷிஃப்ட் + டேப் ஓவர்லே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். கேம் தொடங்கும்போதே ஸ்டீம் தன் நிரல் அடங்கிய ஒரு டிஎல்எல் கோப்பை, ஓடிக்கொண்டிருக்கும் கேமுக்குள் செலுத்திவிடும். ஒவ்வொரு ஃபிரேமையும் திரைக்கு அனுப்பக் கேம் ஓர் அழைப்பு விடுக்கும். விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸில் அதன் பெயர் பிரசென்ட். அந்த அழைப்பை டிஎல்எல் இடைமறித்து (இதைத்தான் கொக்கி மாட்டுவது என்கிறோம்), மேலே தன் படத்தை வரைந்து, பிறகு அனுப்பிவைக்கும். டைரக்ட்எக்ஸுக்கு மாற்றான வல்கனில் ஓடும் கேம்களில் இதே வேலையை லேயர் என்ற இடைப்பகுதி செய்கிறது.

டிஸ்கார்டின் பழைய ஓவர்லேயும் இப்படித்தான் கேமுக்குள் நுழைந்தது. ஃபிரேம் எண்ணிக்கையைத் திரையில் காட்டும் ரிவாடியூனரும் அப்படியே. இதோடு கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனத்தின் சொந்த ஓவர்லேயும் சேர்ந்தால், ஒரே அழைப்பில் நான்கு பேர் கொக்கி மாட்டுகிறார்கள். ஒருவர் தன் கொக்கியைக் கழற்றும்போது இன்னொருவருடையது அந்தரத்தில் நின்றால் கேம் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். சில சமயம் கறுப்புத் திரை வரும். சில சமயம் ஆல்ட் + டேப் அடித்துத் திரும்பியதும் ஓவர்லே மட்டும் காணாமல் போயிருக்கும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே இருந்தும் நொடிக்கொரு தடவை சின்னக் குலுக்கல் தெரிந்தால், அதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

கண்டுபிடிக்கும் வழி: எல்லா ஓவர்லேயையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். ஸ்டீமுடையதை அந்த ஒரு கேமுக்கு மட்டும் அணைக்க, நூலகத்தில் கேமின் மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ், ஜெனரல் பகுதியில் ஓவர்லே டிக்கை எடுத்தால் ஆயிற்று. ரிவாடியூனரில் அந்தக் கேமுக்கெனத் தனி புரொஃபைல் உருவாக்கி, கண்டறியும் அளவை 'நன்' என்று வைக்க வேண்டும். என்விடியாவுக்கு ஆல்ட் + இசட், ஏஎம்டிக்கு ஆல்ட் + ஆர். எங்களுக்குத் தெரிந்தவரை முதல் சந்தேகத்தை ரிவாடியூனர் மேல் வைத்தால் நேரம் மிச்சம்.

இதைவிடப் பெரிய தலைவலி ஏமாற்றுத் தடுப்பு. ஏமாற்றுபவர்களின் கருவியும் ஓவர்லேயும் நுழைவது ஒரே வாசல் வழியாகத்தான், தடுப்பு மென்பொருளுக்கு முகம் பார்க்கத் தெரியாது. 2020 ஜூலையில் கவுன்டர் ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவில் டிரஸ்டட் மோட் இயல்பாகவே இயங்கத் தொடங்கியபோது, வெளியிலிருந்து உள்ளே நுழையும் கோப்புகள் தடுக்கப்பட்டன. பல ஓவர்லேக்களும் அதில் மாட்டின. அதை அணைக்க வழி இருந்தது. ஆனால் அணைத்தால், நீங்கள் எவ்வளவு நம்பத்தக்கவர் என்று கேம் வைத்திருக்கும் டிரஸ்ட் மதிப்பெண்ணுக்கு ஆபத்து. நண்பன் பேசுகிறானா என்று காட்டும் ஒரு பச்சை வட்டத்துக்காக அந்த விலை கொடுக்கலாமா என்பதே கேள்வி.

2025 மார்ச்சில் டிஸ்கார்ட் தன் ஓவர்லேயை அடியோடு மாற்றியது. புதியது கேமுக்குள் நுழைவதில்லை. கேமின் மேல் தனி ஜன்னலாக மிதக்கிறது. ஏமாற்றுத் தடுப்போடு சண்டை குறைந்தது, ஒத்துழைக்கும் கேம்களும் கூடின. பதிலுக்கு ஒரு நிபந்தனை: கேம் பார்டர்லெஸ் (விளிம்பில்லாத ஜன்னல்) அல்லது விண்டோடு (சாதாரண ஜன்னல்) முறையில் ஓட வேண்டும். கேம் மட்டுமே திரையைப் பிடித்துக்கொள்ளும் பிரத்தியேக முழுத்திரையில் ஓவர்லே தெரியாது. "ஓவர்லே வரவே இல்லை" என்று புலம்புபவர்கள் முதலில் கேமின் வீடியோ அமைப்பில் இதைப் பார்க்கட்டும். அடுத்து டிஸ்கார்டில் கிராஃபிக்ஸ் கார்டின் உதவியை எடுக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் போட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

மேலே ஒரு ஜன்னல் மிதப்பதற்கும் செலவு உண்டு. கேம் தனியாகத் திரையை ஆளும்போது அதன் ஃபிரேம் நேராக மானிட்டருக்குப் போகும். மேலே இன்னொரு ஜன்னல் வந்தால், விண்டோஸின் ஜன்னல் மேலாளர் இரண்டையும் ஒட்டி அனுப்ப நேரிடலாம், அப்போது தாமதம் கூடும். பிரசென்ட்மான் என்ற இலவசக் கருவியில் பிரசென்ட் மோட் என்ற வரியைப் பாருங்கள். இண்டிபென்டன்ட் ஃபிளிப் என்று இருந்தால் கவலை இல்லை. கம்போஸ்டு என்று மாறினால் ஓவர்லே விலை கேட்கிறது என்று அர்த்தம். பழைய டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்கள் என்றால், விண்டோஸ் 11 கிராஃபிக்ஸ் அமைப்பில் ஜன்னல் கேம்களுக்கான மேம்படுத்தல் என்ற பொத்தானைப் போட்டுவிடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மெதுவான கேம்களில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. போட்டிச் சுடும் கேம்களில் தெரியும்.

நீண்ட நாள் ஓட்டத்தில் நிலைத்து நிற்கும் அமைப்பு எளிமையானது. யார் பேசுகிறார்கள் என்று காட்டும் குரல் விட்ஜெட் மட்டும் ஒரு மூலையில். எழுத்துச் செய்தி அறிவிப்புகள் முழுவதும் அணைப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவது மானிட்டர் அல்லது பக்கத்தில் கைப்பேசி. சொல்லப்போனால், கைப்பேசியைச் சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்ட் வாங்கியவர்கள் பலர் ஓவர்லே அரட்டையையே மறந்துவிட்டார்கள்.

ஸ்டீமுக்குள் ஏற்கெனவே இருக்கும் பின்வாசல்

ஸ்டீம் 2023 ஜூனில் ஓவர்லேயைப் புதுப்பித்தபோது, ஜன்னல்களை முள்ளடித்து நிறுத்தும் வசதி வந்தது. உலாவி ஜன்னலில் டிஸ்கார்டின் வலைப்பதிப்பைத் திறந்து, மேலே உள்ள முள் குறியை அழுத்தி, ஒளிபுகும் அளவைக் குறைத்தால், ஓவர்லேயை மூடிய பிறகும் அரட்டை கேமின் மேல் மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும். எழுத்துக்கு இது தாராளமாகப் போதும். குரலை மட்டும் பின்னணியில் ஓடும் டெஸ்க்டாப் செயலியிடம் விட்டுவிடுங்கள்.

இப்படிச் செய்பவர்களுக்கு ஒரு கறாரான எச்சரிக்கை. அரட்டையில் வரும் சுட்டியை அந்த உலாவியிலேயே திறக்கும் பழக்கம் வந்துவிடும். ஸ்டீமின் உலாவியில் உங்கள் ஸ்டீம் கணக்கு ஏற்கெனவே உள்நுழைந்தே இருக்கிறது. அதனால் அங்கே திறக்கும் எந்தப் பக்கமும் ஸ்டீம் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யச் சொன்னால், அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடு மச்சி" என்று நண்பரின் பெயரிலேயே வரும் சுட்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். நண்பரின் கணக்கு முன்னதாகவே திருட்டுப் போயிருக்கும். க்யூஆர் குறியைக் காட்டி டிஸ்கார்டுக்குள் வரச் சொல்லும் பக்கங்களும் அப்படியே. நீங்களே திறந்த டிஸ்கார்ட் உள்நுழைவுப் பக்கத்தின் குறியைத் தவிர வேறெதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. விண்டோஸில் தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு விசைப்பலகை சேர்த்திருந்தால், இடது ஆல்ட் + ஷிஃப்ட் என்பது மொழி மாற்றும் குறுக்குவழியாகவும் இருக்கும். கேமில் ஓடுவதற்கு ஷிஃப்ட், வேறொன்றுக்கு ஆல்ட் என்று சேர்ந்து அழுந்தினால், சண்டையின் நடுவில் விசைப்பலகை தமிழுக்குத் தாவிவிடும். சில கேம்களில் நகர்வு விசைகளே செத்துப்போகும். டைப்பிங் அமைப்பின் உள்ளே மேம்பட்ட விசைப்பலகைப் பகுதியில், மொழி மாற்றும் குறுக்குவிசைகள் என்ற இடத்துக்குப் போய் அதை 'ஒதுக்கப்படவில்லை' என்று வைத்துவிடுங்கள். மாற்றுவதற்கு விண்டோஸ் விசை + ஸ்பேஸ் போதும்.

ஸ்டீம் டெக்: இங்கேதான் ஒருங்கிணைப்பு தேவைப்படுகிறது

டெக் 2022 பிப்ரவரியில் வந்தது. இன்னும் அதில் டிஸ்கார்ட் ஒரு வெளியாள். சேர்க்கும் முறை: ஸ்டீம் பொத்தானை அழுத்தி பவர் மெனுவில் டெஸ்க்டாப் முறைக்கு மாறுங்கள். டிஸ்கவர் கடையில் டிஸ்கார்டை நிறுவுங்கள். செயலிப் பட்டியலில் அதன் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டீமில் சேர்' கொடுங்கள். கேமிங் முறைக்குத் திரும்பியதும் முதலில் டிஸ்கார்டைத் திறந்து குரல் சேனலில் சேர்ந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டீம் பொத்தானை அழுத்தி, அதை மூடாமலேயே கேமைத் தொடங்குங்கள்.

வேலை செய்யும். எத்தனை ஓட்டைகளோடு என்பதுதான் விஷயம். ஸ்டீமின் கண்ணுக்கு டிஸ்கார்டும் ஒரு கேம். ஆக இரண்டு கேம் ஓடுவதாக அது நினைக்கும். அழுத்திப் பேசும் விசை பயன்படாது. கேமிங் முறையில் திரையை நிர்வகிக்கும் கேம்ஸ்கோப் ஒவ்வொரு செயலியையும் தனி அறையில் பூட்டி வைப்பதால், கேம் முன்னால் இருக்கும்போது நீங்கள் அழுத்தும் பொத்தான் டிஸ்கார்டுக்குக் கேட்காது. குரலை உணர்ந்து தானாகத் திறக்கும் முறைக்கு மாறியே ஆக வேண்டும், விசிறிச் சத்தத்தைத் தாண்டும்படி அதன் வரம்பைக் கையால் சரிசெய்யவும் வேண்டும். டெக்கை உறங்க வைத்து எழுப்பினால் அழைப்பு அறுந்திருக்கும். மியூட் செய்யக்கூட ஸ்டீம் பொத்தான், டிஸ்கார்டுக்குத் தாவல், தொடுதல், திரும்பத் தாவல் என்று நான்கு படி.

இன்னொன்று, டெக்கில் ஓடும் லினக்ஸ் டிஸ்கார்ட் சில நாள் திறந்தவுடன் "புதிய பதிப்பைப் பதிவிறக்கு" என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். அது காட்டும் கோப்பைப் பதிவிறக்கி டெக்கில் பயனில்லை. டெஸ்க்டாப் முறைக்குப் போய் டிஸ்கவரில் புதுப்பிக்க வேண்டும். ஆட்டத்துக்கு நண்பர்கள் காத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் இது வரும், எனவே வாரம் ஒரு முறை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

டெக்கில் பிளக்இன்களைச் சேர்க்க உதவும் டெக்கி லோடர் வழியே, டிஸ்கார்டை மூன்று புள்ளிப் பொத்தான் திறக்கும் வலப்பக்க மெனுவுக்குள் கொண்டுவரும் பயனர் உருவாக்கிய பிளக்இன் உண்டு. வசதி அருமை. ஆனால் இவை ஸ்டீமின் உள் இடைமுகத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுபவை. ஸ்டீம் கிளையண்ட் ஒரு பெரிய புதுப்பிப்பு வாங்கினால் உடையும், யாராவது சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டீமை நடத்தும் வால்வ் அதிகாரப்பூர்வமாக ஓர் இடம் கொடுத்தால் முதலில் பயன்பெறுவது டெக்காரர்கள்தான்.

கன்சோல்

எக்ஸ்பாக்ஸில் 2022 செப்டம்பரிலும், பிஎஸ்5-இல் 2023 மார்ச்சிலும் டிஸ்கார்ட் குரல் எல்லாருக்கும் வந்தது. தொடக்கத்தில் இரண்டிலும் கைப்பேசியில் அழைப்பை எடுத்து அங்கிருந்து கன்சோலுக்குத் தள்ள வேண்டியிருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீக்கிரமே நேரடி வழி கொடுத்தது, பிஎஸ்5-க்கு அது 2024-இல் வந்தது. இப்போது பிஎஸ்5-இல் அமைப்புகளுக்குள் பயனர்கள் மற்றும் கணக்குகள், அங்கே இணைக்கப்பட்ட சேவைகள், அதில் டிஸ்கார்ட் என்று போய் ஒரு முறை இணைத்தால் போதும். அதன் பிறகு கன்ட்ரோல் சென்டரில் கேம் பேஸைத் திறந்து டிஸ்கார்ட் தாவலில் சேனலைத் தேர்ந்தெடுக்கலாம்.

பிசியில் வரும் கொக்கிச் சண்டை எதுவும் இங்கே இல்லை. ஒலியைச் சிஸ்டமே கையாள்வதால் கேம் ஒலிக்கும் அரட்டைக்கும் இடையே உள்ள சமநிலைக் கோடு அப்படியே வேலை செய்கிறது, பிஎஸ்5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸின் மியூட் பொத்தான் டிஸ்கார்டையும் மியூட் செய்கிறது. டெக்கில் நான்கு படி கேட்ட வேலைக்கு இங்கே ஒரு பொத்தான். ஒருங்கிணைப்பு என்றால் இதுதான்.

குறைகளும் உண்டு. எழுத்துச் சேனல் கன்சோலில் கிடையாது. கன்சோலின் சொந்தக் குழு அரட்டையான பார்ட்டியிலும் டிஸ்கார்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. இரண்டு கன்சோலுமே சாதாரண புளூடூத் இயர்பட்ஸை ஏற்பதில்லை, 3.5 மிமீ கம்பி வைத்த ஹெட்செட்டைக் கன்ட்ரோலரில் செருகுவது மலிவான வழி. டிவி ஸ்பீக்கரில் ஒலி, டூயல்சென்ஸ் மைக்கில் பேச்சு என்று ஆடினால், உங்கள் டிவி ஒலி முழுவதும் நண்பர்கள் காதில் விழும். அவர்கள் திட்டுவது நியாயம்.

நின்டெண்டோ எதிர்ப்பாதையில் போனது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் சொந்தமாக கேம்சாட், அதற்கென ஒரு சி பொத்தான், 12 பேர்வரை. நண்பர்கள் எல்லாருமே ஸ்விட்ச் 2 வைத்திருந்தால் பிரமாதம். ஒருவர் பிசியில் இருந்தால் மேசையில் மீண்டும் கைப்பேசிதான்.

குரல் கெடும் இடங்கள்

ஓவர்லே மேல் போடும் பழியில் பாதி ஒலி அமைப்பைச் சேர்ந்தது. விண்டோஸில் யாராவது பேசினதும் கேம் ஒலி திடீரென்று அடங்கினால், பழைய கன்ட்ரோல் பேனலின் சவுண்ட் ஜன்னலில் கம்யூனிகேஷன்ஸ் தாவலைத் திறங்கள். மற்ற ஒலிகளை 80% குறை என்பது அங்கே இயல்பாக இருக்கும். 'எதுவும் செய்யாதே' என்று மாற்றுங்கள். டிஸ்கார்டுக்குள்ளும் இதே வேலை செய்யும் அட்டெனுவேஷன் என்று ஒன்று உண்டு, அதையும் பூஜ்யமாக்குங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் கேம் ஒலி பழைய டெலிபோன் மாதிரி ஆனால், டிஸ்கார்ட் அதன் மைக்கைப் பிடித்திருக்கிறது என்று பொருள். மைக் இயங்கினால் ஹெட்செட் ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு இறங்கிவிடும். மைக்கை மட்டும் லேப்டாப்புடையதற்கோ யுஎஸ்பி மைக்குக்கோ மாற்றினால் ஒலி உடனே திரும்பும். அழுத்திப் பேசும் விசை ஒரே ஒரு கேமில் மட்டும் வேலை செய்யவில்லையா? அந்தக் கேம் நிர்வாகி உரிமையோடு ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்கார்டையும் அப்படியே திறக்க வேண்டும்.

டிஸ்கார்ட் குரல் சேனலின் இயல்பு அளவு 64 கேபிபிஎஸ். ஒருவரின் குரல் இடைவிடாமல் வந்தால் மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி. ஐந்து பேர் குழுவில் எல்லாரும் ஓயாமல் கத்தினாலும் ஒருவருக்கு மணிக்கு 145 எம்பியைத் தாண்டாது, ஹாட்ஸ்பாட்டிலேயே ஓடும். சென்னையில் இருவர், சிங்கப்பூரில் ஒருவர், துபாயில் ஒருவர் என்று சிதறிய குழுவாக இருந்தால், சேனல் அமைப்பில் ரீஜனை (குரல் போய்வரும் சர்வர் இருக்கும் பகுதி) தானியங்கியில் விடாமல் இந்தியா, சிங்கப்பூர் இரண்டையும் ஒவ்வொரு வாரம் போட்டுப் பார்த்து, யாருக்கும் குரல் உடையாததை வைத்துக்கொள்ளுங்கள்.

தைத்தது அவிழும்போது

ஒருங்கிணைப்புக்கு எதிரான வலுவான வாதம் நினைவுத்திறன் உள்ள எவருக்கும் தெரியும். 2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்குள் விண்டோஸ் லைவ் மெசஞ்சர் வந்தது, அதற்காகக் கன்ட்ரோலரில் மாட்டும் குட்டி விசைப்பலகைகூட விற்றார்கள். 2013-இல் பெரும்பாலான நாடுகளில் மெசஞ்சருக்கே மூடுவிழா. பிளேஸ்டேஷன் 2019 அக்டோபரில் ஃபேஸ்புக் இணைப்பை நீக்கியது. ட்விட்டருக்கு நேராகப் படம் அனுப்பும் வசதியை எக்ஸ்பாக்ஸ் 2023 ஏப்ரலிலும், பிளேஸ்டேஷன் 2023 நவம்பரிலும், ஸ்விட்ச் 2024 ஜூனிலும் எடுத்துவிட்டன. 2019-இல் எல்லாத் தளங்களின் நண்பர்களையும் ஒரே பட்டியலில் கூட்டுவதாகச் சொல்லி வந்த ஜிஓஜி கேலக்சி 2.0-இல் பல இணைப்புகள் பயனர்கள் எழுதிய பிளக்இன்கள். எதிர்த்தளம் உள்நுழைவு முறையை மாற்றும்போதெல்லாம் அவை துண்டித்துப் போயின.

டிஸ்கார்டும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2024 செப்டம்பரில் குரல், காணொளி அழைப்புகளுக்கு, அழைப்பில் இருப்பவர்களைத் தவிர யாரும் கேட்க முடியாதபடி பூட்டும் முனைக்கு முனை குறியாக்கத்தைக் கொண்டுவந்தது. அது கட்டாயமான அழைப்பில், அதைப் புரிந்துகொள்ளாத கிளையண்ட் சேர முடியாது. ஆக ஓவர்லேக்குள் தைக்கும் தளம், அந்தச் செயலியின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூடிய கன்சோலில் வேறு வழி இல்லாததால் அந்த ஓட்டத்துக்கு அர்த்தம் உண்டு. செயலியைத் தனியாகவே ஓட்டிக்கொள்ள முடிகிற பிசியில் இல்லை.

வால்விடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஓவர்லேயில் வெளிச்செயலிக்கு ஒரு விட்ஜெட் இடம், மியூட், ஒலியளவு, யார் பேசுகிறார் என்ற மூன்று தகவலுக்கு ஒரு பொது இடைமுகம், டெக்கின் மூன்று புள்ளி மெனுவில் அதற்கொரு தாவல். விண்டோஸின் சொந்த ஓவர்லேயான கேம் பாரின் விட்ஜெட்டுகள் இந்த வழியில்தான் கேமுக்கு வெளியே தனிச் செயலியாக ஓடுகின்றன, ஆகவே செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. டிஸ்கார்ட், டீம்ஸ்பீக், மம்பிள் எதுவானாலும் அதே இடத்தில் உட்காரும். ஒன்று செத்தால் இன்னொன்று வரும்.

இணைத்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று பாக்கி. தடைப்பட்டியல்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஸ்டீமில் நீங்கள் தடுத்த ஆள் டிஸ்கார்ட் சேனலில் உங்களுக்காகக் காத்திருப்பார். இரண்டிலும் தனித்தனியாகத் தடுக்க வேண்டும், புகாரையும் வசை நடந்த செயலியில்தான் கொடுக்க வேண்டும். 2025 அக்டோபரில், டிஸ்கார்டின் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியே சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று டிஸ்கார்டே அறிவித்தது. எனவே இணைப்பைக் குறைவாக வையுங்கள். டிஸ்கார்ட் அமைப்பில் கனெக்ஷன்ஸ் பகுதிக்குப் போய், ஒவ்வொரு கணக்கின் கீழும் சுயவிவரத்தில் காட்டும் பொத்தானை அணைக்கலாம். கன்சோலை விற்கும் முன் அங்கே பெருக்கல் குறியை அழுத்தித் துண்டித்துவிட்டு, கன்சோலின் இணைக்கப்பட்ட சேவைகள் பட்டியலிலும் போய் நீக்குங்கள். இரண்டு முனையிலும் பெயர் போய்விட்டதா என்று பார்த்த பிறகே ஃபேக்டரி ரீசெட்.